மந்த காலத்தில் மாடலிங்: டெல்டாவில் இருந்தபடியே தொழிலைக் காப்பாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கும்பகோணத்துக்காரி. 2011இல் ஒரு பட்டுக் கடையின் தீபாவளி ஃப்ளெக்ஸுக்காக முதன்முதலில் கேமரா முன்னால் நின்றேன். இன்றும் நிற்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளைக் கடைக்காரர்களிடமும் ஃபோட்டோகிராஃபர்களிடமும் அறிமுகம் செய்தும் வைக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் நான்கு முறை என் வேலை அடியோடு படுத்திருக்கிறது: 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், 2018 நவம்பரில் கஜா புயல், 2020இல் ஊரடங்கு, 2023இல் மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் போனது. ஒவ்வொரு முறையும் ஃபோன் செய்கிற பிள்ளைகள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் தருகிறேன்.

அக்கா, சென்னைக்குப் போகாமல் தஞ்சாவூர், கும்பகோணத்திலேயே இருந்து இதைத் தொழிலாகச் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் ராம்ப் வாக், பெரிய பிராண்டின் டிவி விளம்பரம் என்று மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் முடியாது. இங்கே இருக்கும் வேலை வேறு. ஜவுளிக் கடையின் ஃப்ளெக்ஸ், நகைக்கடையின் நாளிதழ் விளம்பரம், சேலைக் கேட்லாக், லோக்கல் கேபிள் சேனலுக்கு முப்பது விநாடி விளம்பரம், கடையின் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், மேக்கப் ஆர்ட்டிஸ்ட்டுக்கு மணப்பெண் மாடல். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி மூன்றையும் ஒரே ஊராக நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பஸ் ஏறி, வேலை முடித்து, இரவு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். மந்த காலத்தில் இதன் மதிப்பு தெரியும். சென்னையில் வாடகை அறையில் இருக்கும் மாடலுக்கு வேலை இல்லாத மாதமும் செலவு மாதம்தான். நமக்கு வீட்டுச் சாப்பாடு இருக்கிறது.

மந்தம் வருகிறது என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் ஊரில் பங்குச் சந்தையைப் பார்த்துப் பயனில்லை. மேட்டூரைப் பாருங்கள்.

அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். நேரத்துக்குத் திறந்து தண்ணீர் தடைபடாமல் வந்தால் குறுவை நெல் விளையும். அந்த அறுவடைப் பணம் தீபாவளி ஜவுளிக்கு வரும். சம்பா அறுவடை தை, மாசியில். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் அது சித்திரை, வைகாசிக் கல்யாணங்களுக்குப் பட்டாகவும் நகையாகவும் மாறும். கடை முதலாளி தன் விளம்பரச் செலவை முடிவு செய்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். நம் கால்ஷீட்டும் அதோடு சேர்ந்து வருகிறது.

2023இல் ஜூன் 12 அன்று திறந்தார்கள். ஆனால் தென்மேற்குப் பருவமழை பொய்த்து, கர்நாடகத்திலிருந்து போதிய தண்ணீர் வராமல், அக்டோபர் 10 அன்று அணையை மூட வேண்டியதாயிற்று. குறுவையிலேயே பல இடங்களில் பயிர் காய்ந்தது. வழக்கமாக ஐந்து கடைகள் கூப்பிடும் எனக்கு அந்தத் தீபாவளிக்கு இரண்டுதான் வந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 28இல்தான் திறந்தது. அதைப் பார்த்ததுமே நான் அந்த ஐப்பசிக்கு வேறு வேலை பேசி வைத்துவிட்டேன். ஜூலையில் தெரிந்துகொண்டால் அக்டோபருக்கு முன் மூன்று மாதம் கையில் இருக்கிறது. மூன்று மாதத்தில் எவ்வளவோ செய்யலாம்.

தண்ணீர் மட்டும் இல்லை. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் துபாய், சிங்கப்பூர் பணம் ஓடுகிறது. அங்கே வேலை போனால் இங்கே நகைக்கடை மெலிகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது நாகப்பட்டினத்து இறால் வியாபாரிகளும் திருப்பூர்ப் பின்னலாடைக்காரர்களும் ஒரே வாரத்தில் கவலைப்பட்டார்கள். திருப்பூருக்குக் கேட்லாக் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் அந்தச் செய்தியைக் கவனித்திருக்க வேண்டும். பாதிப் பேர் கவனிக்கவில்லை.

அப்புறம், தெருவிலேயே ஓர் அடையாளம் உண்டு. கடை வாசலில் போன வருஷத்து ஃப்ளெக்ஸையே தேதியும் தள்ளுபடியும் மட்டும் மாற்றித் திரும்பவும் கட்டியிருந்தால், முதலாளி கையை இறுக்கிவிட்டார் என்று அர்த்தம். இதைப் பற்றிக் கீழே ரேட் பற்றிய கேள்வியில் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த வேலை முதலில் நிற்கும்? எது நிற்காது?

முதலில் நிற்பது பெரிய செலவுள்ள வேலை: வெளியூர் ஷூட், டிவி விளம்பரம், நெடுஞ்சாலை ஹோர்டிங். அடுத்துப் புதுக் கடைத் திறப்பு விழா வேலைகள்.

நிற்காதது கல்யாணம். கல்யாணத்தைச் சுருக்குவார்கள், தள்ளிப்போடுவார்கள், நிறுத்த மாட்டார்கள். ஊரடங்கில் சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் மண்டபத்தில் நடக்கவில்லை. வீட்டுக் கூடத்திலும் கோயில் வாசலிலும் ஐம்பது பேரோடு நடந்தன. மணப்பெண்ணுக்கு அப்போதும் ஒரு பட்டுச்சேலை வேண்டும். பதினைந்தாயிரத்துக்கு எடுத்திருப்பார்கள், எட்டாயிரத்துக்கு எடுப்பார்கள். ஆகவே கடைக்காரரின் விளம்பரம் விலை உயர்ந்த சேலையை விட்டு இறங்கி, குறைந்த விலைப் பட்டுக்கும் சாஃப்ட் சில்க்குக்கும் வரும். நகையிலும் அப்படியே. 2025இல் பத்து கிராம் தங்கம் ஒரு லட்ச ரூபாயைத் தொட்டபோது நகைக்கடைகள் எடை குறைந்த நகைகளைத்தான் முன்னால் வைத்தன. கழுத்து நிறைய ஆரம் போட்டு நிற்கும் ராணி தோற்றத்தை மட்டும் போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை கேட்கும்போது காட்டும் படத் தொகுப்பில், வைத்திருக்கும் பிள்ளைக்கு அப்போது அழைப்பு குறையும். ஒற்றைச் சங்கிலி, சின்ன ஜிமிக்கி, பருத்திச் சேலை, வேலைக்குப் போகிற பெண்ணின் சாதாரண முகம் என்று நான்கு படங்களாவது வைத்திருங்கள்.

இன்னொன்றும் உண்டு. நல்ல காலத்தில் நம் ஊர்ப் பெரிய கடைகள் மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மாடல்களை வரவழைக்கும். விமான டிக்கெட், ஹோட்டல், உடன் வருகிறவர் செலவு எல்லாம் கடை தலையில். கை இறுகும்போது முதலில் வெட்டப்படுவது அந்தச் செலவுதான். அந்த நேரத்தில் "உள்ளூரில் யார் இருக்கிறார்கள்?" என்று ஃபோட்டோகிராஃபரிடம் கேட்பார்கள். 2017இல் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நகை விளம்பரம் அப்படி வந்ததுதான். அதனால் மந்தம் தொடங்கியதும் ஒதுங்கிப் போகாதீர்கள். அப்போதுதான் கண்ணில் பட வேண்டும்.

ரேட்டைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைக்கலாமா?

குறைக்கலாம். ஆனால் எதைக் கொடுக்கிறீர்களோ அதையும் சேர்த்துக் குறையுங்கள்.

நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, "ஒரு நாளைக்கு இவ்வளவு" என்று மட்டும் பேசுவது. மாடலிங்கில் விலை இரண்டு பகுதி. ஒன்று, நீங்கள் நின்ற நேரம். இன்னொன்று, அந்தப் படம் எங்கே, எவ்வளவு காலம், எதற்குப் பயன்படுகிறது என்பது. இரண்டாவதைப் பேசாமல் விட்டால் கடைக்காரர் அதை இலவசமாக எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது, நாம்தான் சொல்லவில்லை. சட்டமும் அவர் பக்கம்தான். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கு. ஃபோட்டோவில் இருக்கும் முகம் உங்களுடையது என்பதால் படம் உங்களுடையது ஆகிவிடாது.

எடுத்துக்காட்டாக, உங்கள் நாள் ரேட் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடை 6,000 என்கிறது. "சரிங்க அண்ணா, 6,000க்கு வருகிறேன். ஆனால் இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் மட்டும், ஆறு மாதம் வரை. ஃப்ளெக்ஸில் போட்டால் தனி" என்று சொல்லுங்கள். மரியாதையாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பேசி முடித்ததை வாட்ஸ்அப்பில் நான்கு வரியாக அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். பத்திரத்தாளில்தான் எழுத வேண்டும் என்பதில்லை.

இது மந்த காலத்தில் ஏன் இவ்வளவு முக்கியம் தெரியுமா? மேலே சொன்ன பழைய ஃப்ளெக்ஸை நினைத்துப் பாருங்கள். புது ஷூட் வைக்கக் காசில்லாத கடை, போன வருஷத்துப் படத்தைத்தான் திரும்பப் போடும். "ஓர் ஆண்டுக்கு மட்டும்" என்று நீங்கள் முன்பே எழுதி வாங்கியிருந்தால், அந்தப் படத்துக்கு இரண்டாம் முறை பணம் வரும். புது ஷூட்டில் வருவதில் பாதிதான் வரும், ஆனால் நீங்கள் வீட்டை விட்டு இறங்காமலே வரும். 2020 தீபாவளிக்கு என் கையில் இருந்த வருமானத்தில் பெரும்பகுதி இப்படி வந்தது. 2016இல் இது எனக்குத் தெரியாது. என் படம் மூன்று ஆண்டு ஒரு பஸ் ஸ்டாண்டில் தொங்கியது, ஒரு ரூபாய் வரவில்லை.

கேட்லாக் வேலையில் மட்டும் வேறு கணக்கு. சேலைக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். ஒரு நாளில் நாற்பது சேலை மாற்றச் சொல்வதும் உண்டு. விலையைக் குறைத்தால் எண்ணிக்கையையும் குறைத்துக் கேளுங்கள். நாற்பதாவது சேலையில் முகத்தில் சிரிப்பு நிற்காது. படம் கெட்டால் பழி உங்கள் மேல்தான் வரும்.

பணம் இல்லை, சேலை தருகிறேன் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

யார் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. திருபுவனத்தில் சொந்தமாகத் தறி போட்டு, வாட்ஸ்அப்பில் விற்கும் நெசவாளர் கேட்டால் நான் வாங்கிக்கொள்கிறேன். அவர் கையிலும் அப்போது பணம் இருக்காது. திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் மந்த காலத்தில் முதலில் சாப்பாட்டுக்குத் தவிப்பவர் நெய்கிறவர்தான். அவருக்கு ஒரு மணி நேரம் நிற்பதை நான் இழப்பாக நினைத்ததில்லை. மூன்று மாடி வைத்திருக்கும் கடை இதையே கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சேலையைக் கொடுத்து மின்கட்டணம் கட்ட முடியாது. பொருளாக வந்தாலும் அது வருமானக் கணக்கில் சேரும். 2022 ஜூலை முதல், ஒருவர் ஓர் ஆண்டில் தரும் இப்படிப்பட்ட பொருட்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரிப் பிடித்தமும் உண்டு.

வேலை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. பேமென்ட் வரவில்லை. என்ன செய்ய?

முதலில், பணம் யாரிடம் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். என் கதையைச் சொல்கிறேன். திருச்சியில் ஒரு கோஆர்டினேட்டர், அதாவது கடைக்கு மாடல் பிடித்துத் தரும் இடைத்தரகர், வழியாக மூன்று நாள் ஷூட் செய்தேன். ஆறு மாதம் "கடையில் இன்னும் தரவில்லைம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கடைக் கணக்கரிடமே போய்க் கேட்டேன். அவர் பாவம், நோட்டைத் திறந்து காட்டினார். ஷூட் முடிந்த அடுத்த வாரமே முழுத் தொகையும் போயிருந்தது. எனக்கு வந்து சேர்ந்தது ஒரு நாள் கூலி மட்டும். அழுதுகொண்டே பஸ்ஸில் திரும்பினேன். அன்றிலிருந்து, கமிஷன் எத்தனை சதவீதம், பணத்தை யார் எப்போது தருவார் என்பதைக் கடை, கோஆர்டினேட்டர், நான் மூன்று பேரும் இருக்கும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் எழுதாமல் கிளம்புவதில்லை. இருபது சதவீதம் வரை கமிஷன் நியாயம் என்பேன். அதற்கு மேல் கேட்டால் காரணம் கேளுங்கள்.

பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். நல்ல காலத்தில் இதை விட்டுக்கொடுத்தாலும் மந்த காலத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கடையே மூடிப்போனால் யாரிடம் கேட்பீர்கள்?

அடுத்து உத்யம் பதிவு. குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு இது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. இதற்கு 2,000 ரூபாய் கேட்கிறவர்களிடம் கொடுத்து ஏமாறாதீர்கள். உத்யம் எண் உள்ளவருக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வட்டியோடு கேட்டு அரசின் இணையதளத்தில் புகார் செய்யலாம். வேலைக்கு முன்பே பதிவு இருக்க வேண்டும் என்பதால் இன்றே செய்துவிடுங்கள். பில்லின் தலைப்பில் உத்யம் எண்ணைப் போட்டாலே சில கணக்கர்கள் வேகமாகிவிடுவார்கள்.

பணம் குறைந்து வந்தால் பதறாதீர்கள். 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வரிப் பிடித்தம், பிடித்திருக்கலாம். அது உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஒவ்வொரு ஆண்டும் எத்தனையோ பிள்ளைகள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். நிலுவைப் பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு காலக்கெடு உண்டு. அதைத் தாண்ட விடாதீர்கள்.

ஒரு ஆப் விளம்பரத்துக்கு நான்கு மடங்கு பணம் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா?

மந்த காலத்தில் கைநிறையப் பணத்தோடு தேடி வருவது பெரும்பாலும் இந்த மாதிரி விளம்பரம்தான்: பணம் கட்டி ஆடும் விளையாட்டு ஆப், கடன் ஆப், "மாதம் இவ்வளவு கட்டினால் வருஷக் கடைசியில் இரட்டிப்பு" என்கிற சீட்டு. செய்யாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. அவற்றை விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பொய்யான விளம்பரத்தில் ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

சட்டத்தை விடுங்கள். ஒரு சமயம் நான் ஒரு நகைக்கடையின் சேமிப்புத் திட்டத்துக்கு நின்றேன். கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன், அவ்வளவுதான் வேலை. ஒன்றரை ஆண்டில் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் தெருவில் பூக்கட்டும் ஓர் அம்மா என்னிடம் வந்து, "உன் படத்தைப் பார்த்துத்தான்டி கட்டினேன்" என்றார். திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெரிய ஊர் மாடலை யாருக்கும் நேரில் தெரியாது. நம்மைத் தெரியும். நம் முகத்தை இங்கே விலை கொடுத்து வாங்குவதே அதற்காகத்தான். ஒரு திட்டத்துக்கு நிற்பதற்கு முன், உங்கள் அம்மாவை அதில் பணம் கட்டச் சொல்வீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

ஏஐ வந்துவிட்டது. இனி எங்களுக்கு வேலை இருக்குமா?

குறையும். பொய் சொல்ல மாட்டேன். 2025 மார்ச்சில் ஹெச் அண்ட் எம் ஆடை நிறுவனம் முப்பது மாடல்களுக்கு டிஜிட்டல் நகல் உருவாக்கப் போவதாக அறிவித்தது. அதே ஆண்டு அமெரிக்க வோக் ஃபேஷன் பத்திரிகையின் ஆகஸ்ட் இதழில் கெஸ் ஆடை நிறுவனத்தின் விளம்பரத்தில் உயிரில்லாத ஏஐ பெண் வந்தாள். நம் ஊரிலும் சேலையைப் பொம்மையில் கட்டிப் படம் எடுத்து, மென்பொருளில் ஒரு முகத்தை ஒட்டிக்கொள்ளும் கடைகள் வந்துவிட்டன. குறைந்த விலைச் சேலைக் கேட்லாக்தான் முதலில் அடிபடுகிறது.

ஆனால் கனத்த பட்டில் மென்பொருள் இன்னும் தடுமாறுகிறது. ஜரிகைக் கரையின் அன்னத்தை வேறு எதுவாகவோ மாற்றிவிடும், முந்தானைக் கட்டம் குழம்பிவிடும். படத்தில் பார்த்த கரை பார்சலில் இல்லை என்றால் வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார். அது கடைக்கு நஷ்டம். சேலை எப்படி விழுகிறது, நடந்தால் எப்படி அசைகிறது என்று காட்டும் வீடியோவுக்கு இன்னும் ஆள் தேவை. அந்தப் பக்கம் நகருங்கள்.

ஒப்பந்த வரியில் இதையும் சேருங்கள்: "இந்தப் படங்களை வைத்து ஏஐ உருவம் செய்யக் கூடாது, முகத்தை மாற்றக் கூடாது." நியூயார்க்கில் 2025 ஜூன் 19 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், மாடலின் டிஜிட்டல் நகலுக்குத் தனியே எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்கிறது. நமக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை அந்த ஒரு வரிதான் நம் கையில் இருக்கும் பாதுகாப்பு.

போர்ட்ஃபோலியோ எடுக்க 40,000 ரூபாய் கட்டினால் வேலை உறுதி என்கிறார்கள்?

வேலை தருகிறவர் பணம் கேட்க மாட்டார். ஃபோட்டோகிராஃபருக்குப் படம் எடுக்கக் கூலி கொடுப்பது வேறு. "ரிஜிஸ்ட்ரேஷன்", "டெபாசிட்" என்று கட்டச் சொல்வது ஏமாற்று. மந்த காலத்தில் இந்தக் கூட்டம் பெருகும், ஏனென்றால் ஏங்கி நிற்கும் பிள்ளைகளும் பெருகுவார்கள். இணையத்தில் பணத்தை இழந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

"அட்ஜஸ்ட்மென்ட்" என்ற சொல் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். 181 பெண்களுக்கான உதவி எண். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடம் என்றால், பணியிடப் பாலியல் தொல்லை பற்றி மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவில் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். இப்படி நடந்ததற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. என்னிடம் வந்து சொன்ன ஒவ்வொரு பிள்ளையிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

நான் மாநிறம். கொஞ்சம் குண்டு. எனக்கெல்லாம் கிடைக்குமா அக்கா?

நானும் மாநிறம்தான். தொடங்கியபோது மேக்கப்பில் மூன்று ஷேடு ஏற்றிவிடுவார்கள், கழுத்தும் கையும் தனியே தெரியும். இப்போது மாறிவருகிறது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லியே தன் பெயரிலிருந்து "ஃபேர்" என்ற சொல்லை எடுக்க வேண்டிவந்தது. வாங்க வருகிற பெண்ணின் நிறத்திலும் உடலிலும் சேலை எப்படி இருக்கும் என்று காட்டினால்தான் விற்கிறது என்பது கடைகளுக்கும் புரிந்துகொண்டிருக்கிறது. பட்டினி கிடக்காதீர்கள். நாற்பது சேலை மாற்ற உடம்பில் தெம்பு வேண்டும்.

வேலை இல்லாத மாதங்களில் வேறு என்ன செய்து சம்பாதிப்பது?

இதே கைப்பழக்கத்தில் வரும் வேலையாகத் தேடுங்கள். அப்போதுதான் அடுத்த சீசனுக்குத் தொடர்பு அறாது.

லைவ் சேல்தான் ஊரடங்கில் என்னைக் காப்பாற்றியது. ஃபேஸ்புக்கிலோ யூடியூபிலோ இரண்டு மூன்று மணி நேரம் நின்று, ஒவ்வொரு சேலையாக விரித்துக் காட்டி, எண், விலை, நூல், கரை எல்லாம் சொல்ல வேண்டும். முகம் மட்டும் போதாது, சேலை தெரிந்திருக்க வேண்டும். கோர்வை என்றால் என்ன, புட்டா எப்படி வருகிறது, பாலியெஸ்டர் கலப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு நெசவாளர் வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த திருபுவனத்துப் பெரியவர் காசு வாங்கவில்லை. நான் காட்டிய முதல் லைவில் அவர் சேலைகளைத்தான் காட்டினேன்.

சேலைக்கு மடிப்பு வைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுக்கும் ப்ரீ ப்ளீட்டிங் இன்னொன்று. ஓர் அயர்ன் பாக்ஸும் கிளிப்பும் போதும், முகூர்த்த நாட்களில் கை ஓயாது. மேக்கப் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு மாடலாக உட்காரலாம். குரல் நன்றாக இருந்தால் வரவேற்பு மேடையில் தொகுத்து வழங்கலாம். ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆடியில் தள்ளுபடி விளம்பரம் இருக்கும். மற்ற இரண்டும் வெறும் மாதங்கள்.

எவ்வளவு சேமிக்க வேண்டும்?

மூன்றில் ஒரு பங்கு. தீபாவளிப் பணம் வந்த அன்றே எடுத்து வையுங்கள், தை வரை காத்திருக்காதீர்கள். அஞ்சலக ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். ஆனால் அது ஐந்தாண்டுக் கணக்கு, அதனால் ஆறு மாத வீட்டுச் செலவை முதலில் சாதாரண சேமிப்புக் கணக்கில் வையுங்கள். ஷூட்டுக்கென்று இ.எம்.ஐ.யில் உடை வாங்க வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து பிளவுஸ், செட் நகை, செருப்பு மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரு டிரங்குப் பெட்டி இன்றும் என் வீட்டில் இருக்கிறது.

தம்பிகளுக்கும் இதே பதில்தானா?

பெரும்பாலும். வேட்டி, சட்டைக் கடைகளும் மாப்பிள்ளை உடைக் கடைகளும்தான் உங்கள் களம். எண்ணிக்கை குறைவு, பணமும் குறைவு, அதனால் பக்கத் தொழில் உங்களுக்கு இன்னும் அவசியம். லைட் பிடிக்கவும் வீடியோ எடிட் செய்யவும் கற்றுக்கொண்ட தம்பிகள் மாதம் முழுக்க வேலையில் இருக்கிறார்கள்.

என் பெண் இதைத்தான் செய்வேன் என்கிறாள். காலம் சரியில்லாத நேரத்தில் விடலாமா அம்மா?

இதைக் கேட்டவர் பாபநாசம் பக்கம் ஒரு விவசாயி. அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அய்யா, படிப்பை முடிக்கச் சொல்லுங்கள், அதை நிறுத்திவிட்டு வர வேண்டாம். முதல் ஆறு ஷூட்டுக்கு நீங்களோ அண்ணனோ கூடப் போங்கள். போய் ஓரமாக உட்கார்ந்திருங்கள், அவள் வேலை செய்வதைப் பாருங்கள். எத்தனை மணி நேரம் நிற்கிறாள் என்று பார்த்தால் அது தொழில் என்பது உங்களுக்கே தெரியும். என் அப்பா நான்காவது ஷூட்டில் ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தார். அதுவரை என்னோடு பேசாமல் இருந்தவர்.

சரி, அடுத்த ஆடிக்கு இப்போதே என்ன செய்ய வேண்டும்?

புதுப் படம் எடுங்கள். மேக்கப் இல்லாமல், முடியைக் கட்டி, காலை வெயிலில் மொட்டை மாடியில் நான்கு படம்: முகம் நேராக, பக்கவாட்டில், முழு உருவம், சிரிப்பு. அப்புறம் சேலையில் இரண்டு, சுடிதாரில் இரண்டு. நடப்பதும் திரும்புவதுமாக இருபது விநாடி வீடியோ ஒன்று. பெரிய கோயிலிலும் தாராசுரத்திலும் தொழில்முறைப் படப்பிடிப்புக்குத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். வயல் வரப்பும் ஆற்றுப் படித்துறையும் போதும்.

அந்தப் படங்களை ஃபோனில் மட்டும் வைத்திருக்காமல், ஓர் அட்டையில் அச்சடித்து, உயரம், அளவு, ஊர், ஃபோன் எண் போட்டுக் கடைகளுக்கு நேரில் கொண்டு போங்கள். ஆனி பிறக்கும்போதே ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்குப் பேசத் தொடங்கிவிடுவார்கள், அதனால் வைகாசிக் கடைசியில் போவது நல்லது. மாலையில் போகாதீர்கள், அது வியாபார நேரம். காலை பதினொரு மணிக்குப் போனால் முதலாளி கல்லாவில் இருப்பார், உட்கார வைத்துப் பேச அவருக்கும் நேரம் இருக்கும்.